ஐந்து தொடர்களும் அறுநூறு மேற்கோள்களும்

1980ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 10ஆம் நாள் வெளிவந்த ‘நியூ இங்கிலாந்து மருத்துவ ஆய்விதழ்’, ஆசிரியருக்கு எழுதப்பட்ட மடல்களின் பகுதியில் ஐந்தே தொடர்கள் கொண்ட சிறு மடல் ஒன்றை அச்சிட்டது. கீழே இரு பெயர்கள் இருந்தன: ஜேன் போர்ட்டர், மருத்துவர் ஹெர்ஷல் ஜிக். பாஸ்டன் நகரை நடுவாகக் கொண்டு இயங்கிய கூட்டு மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தில் பணியாற்றியவர்கள் அவர்கள். அபினிவழி வலிமருந்து பெற்ற நோயாளிகளிடம் அடிமைப்பழக்கம் அரிதாகவே தோன்றுகிறது என்பது மடலின் தலைப்பு சொன்ன செய்தி.

அம்மடலில் பொய் இல்லை. எண்களில் பிழை இல்லை. பள்ளியளவு ஆங்கிலம் கற்றவரும் ஒருமுறை படித்துப் பொருள் கொள்ளத்தக்க எளிய நடையில்தான் அது எழுதப்பட்டிருந்தது. ஆயினும் அடுத்த முப்பத்தேழு ஆண்டுகளில் அறுநூறுக்கு மேற்பட்ட ஆய்வெழுத்துகள் அதை எடுத்தாண்டன. அவற்றுள் பெரும்பாலானவை அம்மடல் சொல்லாத ஒன்றை அது சொன்னதாக எழுதின. அவ்வாறு எழுதியோர் ஆங்கிலம் அறியாதவர் அல்லர். மருத்துவம் கற்றுத் தேர்ந்தவர்கள், பலர் அம்மொழியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். படிக்கத் தெரிந்தோரின் கைகளில் ஒரு செய்தி எவ்வாறு திரிந்தது, அத்திரிபு எத்தனை உயிர்களோடு தொடர்புற்றது என்பதை அறிவியல் பயில்வோர் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும் என்று கருதுகிறேன்.

முதலில் அம்மடல் எங்கிருந்து பிறந்தது என்பதைக் காண்போம். பாஸ்டன் கண்காணிப்புத் திட்டம் 1966இல் தொடங்கியது. ஒரு மருந்து சந்தைக்கு வந்தபின் அது நோயாளியின் உடலில் என்னென்ன தீங்கு விளைக்கிறது என்பதை முறையாகத் தொகுத்துவைக்கும் ஏற்பாடு அந்நாளில் மிக அரிது. இத்திட்டமோ அதற்கெனப் பயிற்றுவிக்கப்பட்ட செவிலியரை மருத்துவமனைப் படுக்கைகளின் அருகே அமர்த்தியது. எந்த நோயாளிக்கு எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள், அதனால் என்ன விளைவு என்று அவர்கள் ஒவ்வொன்றாகக் குறித்தனர். அக்குறிப்புகள் கணிப்பொறியில் சேர்க்கப்பட்டன. பல மருந்துகளின் அறியப்படாத தீங்குகளை இத்தொகுப்பு வெளிக்கொணர்ந்தது. மருந்தியல் வரலாற்றில் போற்றத்தக்க உழைப்பு அது. மடல் எழுதியோர் ஏற்கெனவே கையிலிருந்த அத்தொகுப்பைத் திறந்து, ஒரு கேள்விக்கு விடை தேடினர். கிடைத்ததைச் சுருக்கமாக எழுதியனுப்பினர்.

இனி மடலையே தொடர்தொடராகப் பார்ப்போம். முதல் தொடர், ஆராயப்பட்டோர் யார் என்பதைச் சொல்கிறது: மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு வரிசைமுறையே கண்காணிக்கப்பட்ட 39,946 நோயாளிகள். இரண்டாம் தொடர், அவர்களுள் குறைந்தது ஒரு முறையேனும் அபினிவழி மருந்து பெற்றோர் 11,882 பேர் என்றும், முன்பு அடிமைப்பழக்கம் இல்லாதிருந்தவர்களுள் அப்பழக்கம் ஓரளவு நன்கு பதிவான நிகழ்வுகள் நான்கே என்றும் கூறுகிறது. அந்நான்கனுள் ஒன்று மட்டுமே கடுமையானது என்பது மூன்றாம் தொடர். தொடர்புற்ற மருந்துகளின் பெயர்களைத் தருகிறது நான்காம் தொடர்: இருவருக்கு மெபெரிடின், ஒருவருக்குப் பெர்கோடான், ஒருவருக்கு ஹைட்ரோமார்ஃபோன். இறுதித் தொடரில் முடிவு வருகிறது. மருத்துவமனைகளில் இம்மருந்துகள் பரவலாகப் பயன்பட்டபோதிலும், முன்பு அடிமைப்பழக்கம் இல்லாத நோயாளிகளிடம் அது தோன்றுவது அரிது.

அவ்வளவுதான். இதில் நான்கு வேலிகள் உள்ளன. மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பது ஒன்று. ஒரே ஒரு முறை மருந்து பெற்றவரும் கணக்கில் அடங்குவர் என்பது இரண்டு. முன்பு அப்பழக்கம் இல்லாதவர்கள் என்பது மூன்று. பதிவேட்டில் எழுதப்பட்டிருந்தால் மட்டுமே நிகழ்வாகக் கொள்ளப்பட்டது என்பது நான்கு. வீடு திரும்பியபின் அந்நோயாளிகள் என்ன ஆயினர் என்று மடல் பேசவில்லை. எத்தனை நாள் மருந்து உட்கொண்டனர், எவ்வளவு உட்கொண்டனர், எந்த வலிக்காக உட்கொண்டனர் என்பவையும் அதில் இல்லை. முதுகுவலிக்கோ மூட்டுவலிக்கோ திங்கள் கணக்கில், ஆண்டுக்கணக்கில் வீட்டிலிருந்தபடியே மாத்திரை விழுங்குவோரைப் பற்றி அம்மடலில் ஓர் எழுத்தும் இல்லை.

நான்கை 11,882ஆல் வகுத்தால் ஏறத்தாழ மூவாயிரத்தில் ஒருவர் என்று வரும். இவ்வெண்ணின் சிறுமைதான் கண்ணைக் கவர்ந்தது. ஆனால் பின்னத்தின் மேலே நிற்கும் எண் எவ்வாறு திரட்டப்பட்டது, கீழே நிற்கும் எண்ணில் யார் யார் அடங்குவர் என்று கேட்காமல் பின்னத்துக்குப் பொருளே இல்லை. கடும் வலியோடு வந்து ஒரே ஓர் ஊசி பெற்று மூன்றாம் நாள் வீடு சென்றவரும் அந்தப் 11,882 பேருள் ஒருவராக இருந்திருக்கலாம். அவரிடம் அடிமைப்பழக்கம் தோன்றவில்லை என்பது உண்மை. தோன்றுவதற்குரிய காலமே அவருக்கு இல்லை என்பதும் உண்மை. அவரைப் போன்றோர் கீழெண்ணில் மிகுந்தால் பின்னம் சிறுத்துக்கொண்டே போகும்.

காலம் என்று சொன்னேன். அதுவே இங்கு உயிர்நாடி. அபினிச் செடியின் பாலிலிருந்தும், அதன் வேதிப்பொருள்களைத் தழுவி ஆய்வகத்தில் செய்யப்படும் மருந்துகளிலிருந்தும் கிடைக்கும் வலித்தணிப்பு, நரம்பணுக்களின் மேற்பரப்பிலுள்ள ‘மியூ’ ஏற்பிகளில் அம்மூலக்கூறுகள் சென்று பொருந்துவதால் விளைகிறது. பொருந்தியதும் வலிச்செய்தி மேலே செல்வது தடைப்படுகிறது. அதே ஏற்பிகள் மூளையின் இன்ப உணர்வுக்குரிய சுற்றுகளிலும் உள்ளன. அங்கே டோபமின் சுரப்பு கூடுகிறது. மருந்து மீண்டும் மீண்டும் வரும்போது நரம்பணு தன்னை அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறது. முன்பு போதுமாயிருந்த அளவு இப்போது போதாமற் போகும். மருந்தை நிறுத்தினால் வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை, உடலெங்கும் வலி. இம்மாற்றங்கள் நாட்களிலும் கிழமைகளிலும் வலுப்பெறுபவை. மருந்தின் மீது உடல் சார்ந்துவிடுவது ஒரு நிலை; தீங்கு என்று அறிந்தும் தேடித் தேடி உட்கொள்ளும் அடிமைநிலை வேறொன்று. எனினும் இரண்டுக்கும் நாட்கள் வேண்டும். செவிலியர் அளந்து கொடுத்த மருத்துவமனை நாட்களை மட்டும் பார்த்த ஒரு தொகுப்பு, அந்நாட்களுக்கு அப்பால் நடப்பதைப் பற்றிச் சொல்ல இயலாது. எழுதியோர் அதைச் சொல்லவும் முயலவில்லை.

இன்னொரு செய்தியையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மூளைத்தண்டில் மூச்சின் சீரை ஆளும் நரம்பணுக்களிலும் அதே ஏற்பிகள் உண்டு. அளவு மிகும்போது மூச்சு மெதுவாகும், ஆழம் குறையும், இறுதியில் நின்றுவிடும். அபினிவழி மருந்து மிகுதியால் நேரும் இறப்பு பெரும்பாலும் இவ்வாறுதான் நேர்கிறது.

அப்படியானால் அம்மடலை எடுத்தாண்டோர் எல்லாரும் தீயோரா? இல்லை. 1980களின் மருத்துவ உலகில் வலிக்கு மருந்து தருவதில் பெருங்கஞ்சத்தனம் நிலவியது. புற்றுநோயின் இறுதிக்கட்டத்தில் துடிப்பவருக்குக்கூட, அடிமையாகிவிடுவார் என்று அஞ்சி, மார்பினை மறுத்த மருத்துவர் பலர். அக்கொடுமையைக் கண்டு நெஞ்சு வெதும்பியோர் அதை மாற்ற முனைந்தனர். 1986இல் உலக நலவாழ்வு அமைப்பு புற்றுநோய் வலிக்கான மூன்றுபடி மருத்துவ முறையை வெளியிட்டது. வலிய நோவுக்கு வலிய மருந்து தருவது முறையே என்று அது நிறுவியது. இது நல்ல மாற்றம், இன்றும் நிற்கத்தக்க மாற்றம். அதே ஆண்டில் ரசல் போர்ட்டனாய், கேத்லீன் ஃபோலி ஆகிய இரு மருத்துவர்கள் புற்றுநோய் அல்லாத நாட்பட்ட வலிக்காக அபினிவழி மருந்து பெற்றுவந்த 38 பேரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினர். அவர்களுள் இருவருக்கு மட்டுமே சிக்கல் நேர்ந்தது என்றும், அவ்விருவரும் முன்பே போதைப்பழக்கம் உடையவர்கள் என்றும் அது கூறியது. 38 பேர் என்பது மிகச் சிறு கூட்டம். ஆயினும் 1980இன் மடலும் 1986இன் கட்டுரையும் கைகோத்துக்கொண்டன. புற்றுநோயர்க்காக எழுந்த இரக்கம், அவ்விரண்டையும் ஊன்றுகோலாகக் கொண்டு நாட்பட்ட வலி உடைய அனைவர்க்கும் நீண்டது. பல்லாண்டுகள் கழித்து, தாம் அந்நாளில் கற்பித்தவற்றில் தவறான செய்திகள் இருந்தன என்று போர்ட்டனாயே ஒப்புக்கொண்டார்.

மடல் எவ்வாறு வளர்ந்தது என்பதைக் கவனியுங்கள். 1990இல் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் வலியைப் பற்றி ரொனால்டு மெல்சாக் எழுதிய கட்டுரையில் அது விரிவான ஆய்வு என்று அறிமுகமானது. மெல்சாக் எளியவர் அல்லர்; வலிச்செய்தி தண்டுவடத்தில் வாயில்போல் திறந்து மூடும் முறையை 1965இல் விளக்கிய இருவருள் ஒருவர். 2001இல் ‘டைம்’ இதழ் அதனைத் திருப்புமுனையான ஆய்வு என்று எழுதியது. ஐந்து தொடர் மடல், விரிவான ஆய்வாகி, திருப்புமுனை ஆய்வாகவும் ஆயிற்று. இவ்வளர்ச்சிக்கிடையில் மடலில் ஓர் எழுத்தும் கூடவில்லை.

இது நேர்ந்த வழியை ஊகிப்பது கடினமில்லை. ஆய்வெழுத்தில் ஒரு கூற்றுக்கு அருகே சிறு எண் ஒன்று இடப்படும். அவ்வெண் இறுதிப் பட்டியலில் ஒரு நூலையோ கட்டுரையையோ காட்டும். அதைக் காண்பவர், எழுதியவர் மூலத்தைப் படித்துத்தான் எழுதியிருப்பார் என்று நம்புகிறார். தம் கட்டுரையில் அதே கூற்றை அதே எண்ணோடு எழுதுகிறார். மூன்றாமவர் இரண்டாமவரை நம்புகிறார். மூல இதழின் பழந்தொகுதியைப் பார்க்க வேண்டுமானால் அந்நாளில் நூலக அடுக்குக்குச் சென்று, தூசு தட்டி எடுத்து, பக்கத்தைத் தேட வேண்டும். தேடியிருந்தால் ஒரு நிமையத்தில் உண்மை விளங்கியிருக்கும். மடலை முழுதும் படிக்க அதற்கு மேல் காலம் ஆகாது. பட்டியலில் இருந்ததோ தலைப்பும், இதழின் பெயரும், ஆண்டும், பக்க எண்ணும்தான். தலைப்பு தானே ஒரு முடிவைச் சொல்லிவிட்டது. இதழின் பெயர் மருத்துவ உலகில் மிக மதிப்பு வாய்ந்தது. அது ஒரு மடல் என்பதோ, முழு ஆய்வுக்கட்டுரைக்குரிய முறைவிளக்கமும் அட்டவணையும் அதில் இல்லை என்பதோ பட்டியலில் தெரியாது. பக்க எண் ஒன்றே ஒன்றாக இருந்தது என்பது மட்டும் கூர்ந்து நோக்குவோர்க்குக் கிடைத்த குறிப்பு.

இந்நிலையில்தான் வணிகம் உள்ளே வந்தது. பர்டியூ ஃபார்மா நிறுவனத்தின் ஆக்ஸிகோன்டின் மாத்திரைக்கு 1995இன் இறுதியில் அமெரிக்க உணவு மருந்து ஆளுகை ஒப்புதல் அளித்தது. 1996இல் அது விற்பனைக்கு வந்தது. ஆக்ஸிகோடோன் என்னும் வலிய அபினிவழிப் பொருளைப் பன்னிரண்டு மணி நேரம் சிறிது சிறிதாகக் கசியவிடும் கட்டமைப்பு அதனுடையது. மருந்து மெதுவாக உடலில் சேர்வதால் தவறாகப் பயன்படுத்தும் நாட்டம் குறையும் என்று நம்பப்படுவதாக அதன் ஏற்புடைக் குறிப்பிலேயே ஒரு தொடர் இருந்தது. நம்பப்படுகிறது என்றுதான் அங்கே எழுதியிருந்தது. ஆய்ந்து காணப்பட்டது என்று எழுதவில்லை. மாத்திரையை நசுக்கினால் கசிவுக் கட்டமைப்பு உடைந்து, பன்னிரண்டு மணி நேரத்துக்குரிய மருந்து முழுவதும் ஒரே நேரத்தில் குருதியில் பாயும் என்பதைப் பயன்படுத்தியோர் விரைவில் கண்டுகொண்டனர். அத்தொடர் 2001இல் நீக்கப்பட்டது. அதற்குள் பல ஆண்டுகள் கழிந்திருந்தன.

விற்பனையாளர்கள் மருத்துவர்களைத் தேடிச்சென்று, இம்மருந்தால் அடிமையாவோர் நூற்றுக்கு ஒருவரினும் குறைவு என்றனர். 1998இல் அந்நிறுவனம் பரப்பிய விளம்பரக் காணொளியில், வலிமருத்துவர் ஒருவரே தோன்றி இதைச் சொன்னார். நூற்றுக்கு ஒன்றினும் குறைவு என்னும் எண்ணின் வேர் 1980இன் மடல். மருத்துவமனைப் படுக்கையில் இருந்தோரிடம் எடுத்த கணக்கு, தெருமுனை மருந்தகத்தில் திங்கள்தோறும் மாத்திரை வாங்குவோரின் கணக்காகக் காட்டப்பட்டது. 1996இல் 4.8 கோடி டாலராக இருந்த விற்பனை, 2000இல் ஏறத்தாழ 110 கோடி டாலராயிற்று. 2007இல் பர்டியூ ஃபார்மாவோடு இணைந்த பர்டியூ ஃபிரெடரிக் நிறுவனமும் அதன் உயர் அலுவலர் மூவரும் மருந்தின் இடரைத் தவறாகக் காட்டி விற்றதாக வழக்குமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 60 கோடி டாலருக்கு மேல் செலுத்த இசைந்தனர். இங்கே நடந்ததைப் படிப்புப் பிழை என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட மனம் ஒப்பவில்லை. பிழையாகப் படித்தோர் ஒரு வகை; அப்பிழை தமக்கு வாய்ப்பானது என்று கண்டு அதைப் பெருக்கியோர் வேறு வகை. முன்னவர் இல்லாமல் பின்னவர்க்கு அத்தனை எளிதாக வழி திறந்திருக்காது என்பதே நான் வருந்துவது.

ஐக்கிய அமெரிக்க நாடுகளில் அபினிவழிப் பொருள்களின் மிகுதியால் இறந்தோர் 1999இல் ஏறத்தாழ 8,000 பேர். 2017இல் ஏறத்தாழ 47,600 பேர். ஓர் ஆண்டின் கணக்கு இது. இவ்விறப்புகள் அனைத்தையும் ஒரு மடலின் தலையில் சுமத்துவது தவறு. அதுவே மற்றொரு பிழைமுடிவாகிவிடும். மருத்துவர் எழுதித்தந்த மாத்திரைகளால் முதல் அலை எழுந்தது. 2010ஐ ஒட்டி ஹெராயின் அலை. 2013க்குப் பின் களவாகச் செய்யப்பட்ட ஃபென்டனில் அலை. வேலையிழந்த சுரங்க ஊர்கள், மருத்துவத்தைக் காப்பீட்டாளர் ஆளும் முறை, போதுமான மறுவாழ்வு மருத்துவமின்மை என்று பலவும் இதில் பின்னிக் கிடக்கின்றன. மாத்திரையில் தொடங்கியோர் பலர் பின்னர்த் தெருமருந்துக்குச் சென்றனர் என்பதும், மாத்திரை அத்தனை தாராளமாக எழுதப்பட்டதற்கு இடரில்லை என்னும் நம்பிக்கை அடித்தளமாயிற்று என்பதும் உறுதி.

அந்நம்பிக்கையின் அடித்தளத்தைத் தோண்டிப் பார்த்தோர் டொரன்டோ நகரின் ஆய்வாளர்கள். பமேலா லியாங், டேவிட் யுவர்லிங்க் முதலியோர் 2017 சூன் முதல் நாள் அதே நியூ இங்கிலாந்து மருத்துவ ஆய்விதழில் தம் முடிவை வெளியிட்டனர். அதுவும் மடல் வடிவிலேயே. 1980இன் மடலை எடுத்தாண்ட 608 எழுத்துகளை ஒவ்வொன்றாக அவர்கள் படித்தனர். நீண்ட, சலிப்பூட்டும், பெயர் தராத உழைப்பு; அதை மனமார வணங்குகிறேன். 608இல் 439, அதாவது 72 விழுக்காட்டுக்கு மேல், அபினிவழி மருத்துவத்தில் அடிமைப்பழக்கம் அரிது என்பதற்குச் சான்றாக மடலைக் காட்டின. 491, அதாவது ஏறத்தாழ 81 விழுக்காடு, அந்நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தோர் என்பதைக் குறிப்பிடவே இல்லை. ஆக்ஸிகோன்டின் வந்தபின் மேற்கோள்களின் எண்ணிக்கை வெகுவாக ஏறியது. அக்காலத்தே அவ்விதழில் வந்த வேறு மடல்களை ஒப்பிட்டபோது, அவற்றின் நடுவளவு மேற்கோள் எண்ணிக்கை 11. மற்றவை நடுவளவில் பதினொன்றோடு நின்றன. இது அறுநூறைக் கடந்தது.

ஆய்விதழ் அதன்பின் இணையத்தில் அம்மடலின் மேலே ஒரு குறிப்பைப் பொறித்தது: அடிமைப்பழக்கம் அரிது என்பதற்குச் சான்றாக இம்மடல் மிகுதியாகவும் ஆராயாமலும் எடுத்தாளப்பட்டுள்ளது என்பதைப் படிப்போர் மக்கள் நலன் கருதி அறிந்திருக்க வேண்டும் என்று. ஜிக் அப்போது முதியவர். தம் மடல் மருந்து நிறுவனங்களின் செயலுக்குச் சாக்காகப் பயன்பட்டதை எண்ணி மிக நொந்ததாகச் செய்தியாளரிடம் அவர் சொன்னார். அவர் எழுதியதில் பிழை இல்லை. ‘அரிது’ என்று முடித்த தொடரிலேயே ‘மருத்துவமனைகளில்’ என்றும், ‘முன்பு அப்பழக்கம் இல்லாதவர்’ என்றும் எழுதித்தான் இருந்தார். ஒரு குறையை மட்டும் சொல்லத் தோன்றுகிறது: தலைப்பில் அவ்விரு வேலிகளும் விடுபட்டுப்போயின. தலைப்பை மட்டும் படித்துச் செல்வோர் உலகில் எப்போதும் மிகுதி என்பதை எண்ணினால், அவ்விடத்தில் மேலும் இரண்டு சொற்கள் நின்றிருக்கலாம்.

மடல் பேசாத கேள்விக்கு விடைதான் என்ன? நாட்பட்ட வலிக்காக இம்மருந்துகளைப் பெறுவோரிடையே நடந்த பல ஆய்வுகளை ஒருங்கே தொகுத்த ஒரு மதிப்பீடு 2015இல் ‘பெயின்’ ஆய்விதழில் வந்தது. அடிமைநிலை அடைவோர் சராசரியாக நூற்றுக்கு 8 முதல் 12 பேர் என்றும், மருந்தை முறைதவறிப் பயன்படுத்துவோர் 21 முதல் 29 பேர் என்றும் அது கண்டது. 2018இல் வெளியான மற்றோர் ஆய்வு, நாட்பட்ட முதுகுவலியோ இடுப்பு, முழங்கால் மூட்டுத்தேய்வு வலியோ உடைய 240 பேரை இரு குழுவாகப் பிரித்து ஓராண்டு தொடர்ந்தது. அபினிவழி மருந்து பெற்றோர், மற்ற வலிமருந்து பெற்றோரைவிட மேலான நிலையை அடையவில்லை. இத்தகைய ஆய்வு 1996க்கு முன்பே நடந்திருக்க வேண்டும். விடை கிடைத்துவிட்டதாகப் பலரும் எண்ணியதால் கேள்வியை எழுப்பியோர் மிகச் சிலரே. தவறாகப் படித்த செய்தியின் பெருந்தீங்கு இதுவென்றே நான் கொள்கிறேன். அது பொய்யைப் பரப்புவதோடு, உண்மையைத் தேடும் முயற்சியையும் பல்லாண்டு தள்ளிப்போடுகிறது.

இதற்குள் மறுதிசையிலும் ஒரு பிழை நேர்ந்தது. 2016இல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு நடுவம் ஒரு வழிகாட்டு நூலை வெளியிட்டது. நாட்பட்ட வலிக்கு அபினிவழி மருந்தை எழுதித்தரும் பொதுமருத்துவர்க்காக எழுதப்பட்டது அது. ஒரு நாளைக்கு 90 மில்லிகிராம் மார்பினுக்கு இணையான அளவைத் தாண்டுவதைத் தவிர்க்க வேண்டும், தாண்டினால் அதற்குரிய ஏதுவைக் கவனமாக எண்ணிப்பார்க்க வேண்டும் என்று அதில் இருந்தது. புற்றுநோயர்க்கும், நோய்த்தணிப்பு மருத்துவத்தில் இருப்போர்க்கும், வாழ்வின் இறுதியில் இருப்போர்க்கும் இது பொருந்தாது என்றும் தெளிவாக எழுதியிருந்தது. படித்தோர் 90 என்னும் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டனர். காப்பீட்டு நிறுவனங்களும் மருந்தகங்களும் சில மாநில ஆட்சிகளும் அதைத் தாண்டக்கூடாத எல்லைக்கோடாக்கின. பல்லாண்டு மருந்து பெற்று உடல் அதனோடு பழகிவிட்டோர்க்குத் திடீரென அளவு குறைக்கப்பட்டது. சிலர்க்கு முற்றும் நிறுத்தப்பட்டது. மருந்து விலகும் துன்பமும் அடங்காத வலியும் ஒருங்கே அவர்களைத் தாக்கின. திடீரென நிறுத்துவதால் தற்கொலை உள்ளிட்ட கடுந்தீங்குகள் நேர்வதாக 2019இல் உணவு மருந்து ஆளுகை எச்சரித்தது. வழிகாட்டு நூலை எழுதியோரே அதே ஆண்டில் எழுந்து, நாங்கள் சொன்னது இதுவன்று என்று விளக்கம் எழுத நேர்ந்தது. 2022இல் நூல் திருத்தி வெளியிடப்பட்டது.

நம் நாட்டின் நிலை இவ்விரண்டினும் வேறு. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பின், மருத்துவமனைகள் மார்பினை வாங்கி வைப்பதற்கே பல உரிமங்கள் தேவைப்பட்டன. சிறு பிழைக்கும் கடுந்தண்டனை என்னும் அச்சம் சூழ்ந்தது. புற்றுநோயர் பலர் வலியோடே இறந்தனர். 2014இல்தான் சட்டம் திருத்தப்பட்டு ஒற்றை உரிம முறை வந்தது. அமெரிக்கக் கதையைக் கேட்டு, இம்மருந்து நஞ்சு, நம் வீட்டு நோயாளிக்கு வேண்டாம் என்று எவரேனும் முடிவுசெய்தால் அது மிகத் துயரமான படிப்புப் பிழையாகும். முதுகுவலிக்காரர் ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்குவது ஒன்று. எலும்பெங்கும் புற்று பரவியவர் ஓர் இரவேனும் உறங்குவது வேறொன்று.

இங்கே கோழிக்கோட்டில் நடந்த ஓர் ஆய்வு நினைவுக்கு வருகிறது. மருத்துவர் எம்.ஆர். இராசகோபாலும் உடன் ஆய்வாளர்களும் 2001இல் ‘லான்செட்’ இதழில் அதை வெளியிட்டனர். கோழிக்கோட்டு நோய்த்தணிப்பு மருத்துவகத்தில் ஈராண்டுக் காலத்தில் 1,723 நோயாளிகளுக்கு வாய்வழி மார்பின் தரப்பட்டது. மருந்து தவறான கைகளுக்குச் சென்றதாகவோ முறைகேடாகப் பயன்பட்டதாகவோ ஒரு நிகழ்வும் கண்டறியப்படவில்லை. நெஞ்சை நிறைக்கும் செய்தி. இதையும் வேலிகளோடே படிக்க வேண்டும். இங்கே தேடப்பட்டவை முறைகேடும் மருந்து வெளிச்செல்வதும். நோயாளி ஒவ்வொருவரும் அடிமைநிலை அடைந்தாரா என்பதைத் தனியே அளந்த ஆய்வு இல்லை. மருந்து பெற்றோர் நோய்த்தணிப்பு மருத்துவத்தின் கீழ் வந்தோர்; அவர்களின் நிலையை அறிந்த மருத்துவகம் ஒன்று அவர்களோடு தொடர்ந்து தொடர்பில் இருந்தது. அத்தகைய நோயாளிக்கு, அத்தகைய கண்காணிப்பில், வீட்டிலேயே மார்பின் தரலாம், அது தெருவுக்குப் போய்விடாது என்பதற்கு 1,723 என்பது வலிய சான்று. பல் பிடுங்கியவருக்கு முப்பது நாள் மாத்திரை எழுதித்தருவதற்கு அதில் எந்தச் சான்றும் இல்லை.